பெயரோடு வந்து சேர்ந்தவர்கள்

முற்பகல் வெயில் கணினித் திரையில் பாதியை வெளுக்க வைக்கிறது. நிறுத்தப்பட்டுவிட்ட பழைய மென்பொருளிலிருந்து வீட்டுப் படங்கள் பதினோராயிரமும் புதியதற்குள் மளமளவென்று இறங்குகின்றன. "படம் வந்துரும்க்கா. நீ அடியில எழுதின பேரெல்லாம் வராது, மனசத் தேத்திக்க," என்கிறான் தம்பி. அக்கா கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொள்கிறாள். மென்பொருளை நம்பாமல், ஒவ்வொரு படத்தின் கோப்புப் பெயரிலும் தேதியையும் ஆட்களையும் ஒன்பது வருடமாக மறுபடி தட்டி வைத்தவள் அவள். வெட்டிவேலை என்று சிரித்தவன் அவன். முதல் படம் விரிகிறது. அடிக்குறிப்பு இருந்த இடம் காலி. கோப்புப் பெயர் மட்டும் மேலே தேதியோடு முழுசாக நிற்கிறது. 'அம்மா, பெரியப்பா, நாய்க்குட்டிக்குப் பயந்து அழும் தம்பி.' அவன் வாய்விட்டுப் படித்து, அசடு வழிய அவளைப் பார்க்கிறான். "இத மட்டுமாவது விட்டிருக்கலாம்ல?" அவள் முதுகை நிமிர்த்தி உட்காருகிறாள். "ஒரு ஆளையும் விடலடா. அடுத்த படத்தத் திற."