ஃபயாஸின் முதல் திரை

சிட்லபாக்கத்து மருத்துவமனையில் புதிதாக வைத்திருக்கும் டோக்கன் எந்திரத்தை ஃபயாஸ் நாற்காலி நுனியில் உட்கார்ந்து பார்க்கிறான். அதன் தொடுதிரையை வடிவமைத்தவன் அவன்தான். போன வருடம்வரை கல்யாண ஆல்பம் வடிவமைத்துக்கொண்டிருந்தவன். பக்கத்தைத் திறந்ததும் கண் முதலில் எங்கே போகும் என்பதை அங்கேதான் கற்றான். ஆல்பத்தில் பூ ஒட்டுகிறவனுக்கு இதெல்லாம் வருமா என்று சிரித்தவர்கள் உண்டு. பக்கத்தில் மனைவி கைனாத் துப்பட்டா நுனியை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்க்கிறாள். கண்ணாடிக் கதவு வழியே காலை வெயில் நேராகத் திரைமேல் விழுகிறது. காய்கறிப் பையோடு ஓர் அம்மா அதன்முன் நிற்கிறார். விரல் அந்தரத்தில் தயங்குகிறது. பல் மருத்துவருக்கென்று வரைந்த, வெயிலிலும் பளிச்சென்று தெரியும் பல் படத்தைத் தொடுகிறார். பிறகு பச்சைப் பொத்தானை. சரக்கென்று சீட்டு வருகிறது. காவலாளி ஓடி வருகிறார்.

"இரும்மா, நான் எடுத்துத் தரேன்."

"நானே எடுத்துட்டேன்பா. இதுல இன்னா கஷ்டம் கீது?"

சீட்டை ஆட்டிக் காட்டிவிட்டு அந்த அம்மா உள்ளே நடக்கிறார். கைனாத் எழுந்துவிடுகிறாள்.

"என்னங்க, நீங்க பண்ணதுன்னு போய்ச் சொல்லட்டுமா?"

ஃபயாஸ் அவள் கையைப் பிடித்து உட்காரவைக்கிறான். முகமெல்லாம் சிரிப்பு.

"வேணாம். இன்னா கஷ்டம்னு கேட்டாங்க பாரு, அது போதும்."