ஆறாவது கை

"ஒரே ஒரு விதியை மாத்துங்கன்னு கேக்குறோம். அதுக்கு இவ்வளவு வீம்பா அண்ணே?"

ஸ்டிக்கர் கடைக்காரன் கேட்டதும் அறையே சிரித்தது.

செல்போன் ரிப்பேர் கடையின் மாடி அது. பதினோரு பேர், பதினோரு நாற்காலி. கதவோரம் ஸ்டூல் போட்டு, தூங்குகிற குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு ஸ்டிக்கர் கடைக்காரனின் மனைவி உட்கார்ந்திருந்தாள். "இன்னிக்கு நான் ஜெயிக்கிறதை நீ பாத்தே ஆகணும்" என்று அவன்தான் இழுத்து வந்திருந்தான்.

பதினோரு பேரும் சேர்ந்து ஒரு குட்டி இணையம் நடத்துகிறார்கள். அதில் விளம்பரம் கிடையாது, படம் கிடையாது, வெறும் எழுத்து. எழுதுகிறவர் எழுத்தை மட்டும்தான் அனுப்பலாம். அது எந்த அளவில், எந்தக் கலரில் தெரிய வேண்டும் என்பதைப் படிக்கிறவர் தன் போனில் இஷ்டப்படி வைத்துக்கொள்வார். விதியை எழுதியவர் கீழே ரிப்பேர் கடை வைத்திருப்பவர். அதில் ஒரு புள்ளியைக்கூட மாற்ற விடமாட்டார். அதனால் எல்லோருக்கும் அவர் 'கறார்'.

ஸ்டிக்கர் கடைக்காரனுக்குக் கலர்தான் பிழைப்பு. தினமும் அந்த இணையத்தில் ஏதாவது எழுதுவான். கடைக்கு வந்து பேரம் பேசியவரைப் பற்றி, குழந்தையின் முதல் பல்லைப் பற்றி. தான் வைக்கிற அளவும் கலரும் எல்லார் போனிலும் அப்படியே தெரிய வேண்டும் என்று மூன்று மாதமாக மல்லுக்கட்டி, இன்றைக்கு ஓட்டெடுப்பு வரை கொண்டுவந்துவிட்டான்.

"எழுதுறவனுக்கு உரிமை வேணாமா அண்ணே?"

"படிக்கிறவங்க உரிமை போயிடும் தம்பி. நீ பொடி எழுத்தா வெச்சா, அதைப் பெருசாக்கிப் படிக்க அவங்களுக்கு வழி இருக்காது."

"யாரு அந்த அவங்க? இதுவரைக்கும் யாராவது உங்ககிட்ட வந்து பெரிய எழுத்து கேட்டிருக்காங்களா?"

"கேட்டிருக்காங்க."

"பேரைச் சொல்லுங்க. ஒரே ஒரு பேர். சொல்லிட்டா என் கையை இறக்கிட்டு உங்க பக்கம் வந்துடுறேன்."

கறார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"சொல்ல மாட்டேன்."

அவ்வளவுதான், பிடித்துக்கொண்டார்கள். ஆள் இருந்தால்தானே பேர் இருக்கும் என்றார் பஸ் டிரைவர். வீம்புக்காக இல்லாத ஆளை அண்ணன் உண்டாக்கிவிட்டார், விட்டால் ரேஷன் கார்டும் வாங்கிக் கொடுத்துவிடுவார் என்றாள் பேக்கரி அக்கா. கறார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஓட்டெடுக்கலாம் என்று தலையை மட்டும் ஆட்டினார்.

மாற்றம் வேண்டும் என்பவர்கள் கை தூக்கினார்கள். ஒன்று, இரண்டு, மூன்று. கொஞ்சம் யோசித்து நான்கு. பஸ் டிரைவரோடு ஐந்து. வேண்டாம் என்றவர்கள் கறாரோடு சேர்த்து ஐந்து.

பாக்கி ஸ்டிக்கர் கடைக்காரன்தான். வேண்டுமென்றே கடைசிக்கு வைத்திருந்தான். எழுந்து நின்று, மனைவியை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கையை உயரத் தூக்கினான்.

ஆறு!

கைதட்டலில் குழந்தை வீறிட்டு எழுந்தது. கறார் விதி நோட்டை மூடினார். நாளைக் காலையில் மாற்றிவிடுவதாகவும், அதுவரை யாருக்காவது மனசு மாறினால் சொல்லலாம் என்றும் சொல்லிவிட்டுக் கீழே இறங்கிப் போனார்.

வழியெல்லாம் ஸ்டிக்கர் கடைக்காரனுக்குக் கால் தரையில் பாவவில்லை. தலைப்பு பச்சை, உள்ளே ரோஸ், ஓரத்தில் பொடி எழுத்தில் தன் பேர் என்று அடுக்கிக்கொண்டே வந்தான். கறாரின் மூக்கை உடைத்தாயிற்று என்று நாலு தரம் சொல்லிவிட்டான். மனைவி குழந்தையோடு விறுவிறுவென்று முன்னால் நடந்தாள்.

வீட்டுக்குள் நுழைந்ததும், "நீ படிக்கவா போற, கலரையாவது பாரு" என்று, தன் பக்கத்தில் நாளை எந்தக் கலர் எங்கே வரும் எனக் காட்ட அவள் போனை எடுத்தான். அவள் பிடுங்க வந்தாள். அதற்குள் திறந்துவிட்டான்.

கறுப்பில் மஞ்சள் எழுத்து. ஒவ்வொன்றும் கட்டை விரல் தண்டி. திரை முழுக்க நாலே வார்த்தை.

'குட்டிக்குக் கீழ்ப்பல் எட்டிப் பார்த்தாச்சு.'

அவன் எழுதியதுதான்.

"இதையெல்லாம் நீ படிக்கிறியா?"

"ஒண்ணு விடாம." அவள் குனிந்துகொண்டாள். "மூணாவதோட நின்னவ. பொடி எழுத்துன்னா ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்குது. இப்படிப் பெருசா இருந்தா எழுத்துக் கூட்டியாவது படிச்சுடுவேன். தெரிஞ்சா நீங்க கேலி பண்ணுவீங்கன்னு, யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டுத்தான் வெச்சுத் தரச் சொன்னேன்."

"யார்கிட்ட?"

அவள் குழந்தையைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டாள்.

"கறார் அண்ணன்கிட்டதாங்க. அத்தனை பேர் முன்னாடி அவரைக் கேட்டீங்களே ஒரு பேர்... அது என் பேர்."