பத்து மணிக் கோளாறு

"பார்த்துட்டு உள்ளதை உள்ளபடி சொல்லணும் தம்பி. மழுப்பக் கூடாது" என்றார் மாஸ்டர், கதவைத் திறக்கும்போதே.

முப்பது வருஷம் டிரைவிங் ஸ்கூல் நடத்தியவர். அந்த அதட்டல் இன்னும் குரலில் ஒட்டிக்கொண்டிருந்தது. மெக்கானிக் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். ஒற்றை ஆள் புழங்கும் வீடு என்பது பார்த்ததுமே தெரிந்தது. மேஜைக்கு முன்னால் ஒரே ஒரு நாற்காலி, அதன் எதிரே கைக்கு எட்டும் தூரத்தில் செல்போன்.

மாடிப்படிக்கு அடியில் இன்வெர்ட்டரும் பேட்டரியும் இருந்தன. மொட்டை மாடியில் சோலார் பேனல். வெயில் வந்தால் பேட்டரி ஏறும். நிறைந்ததும் மிச்சக் கரண்ட் தெரு லைனுக்குப் போய்விடும். லைன் போனால் பேட்டரி வீட்டைத் தாங்கும். மெக்கானிக்குக்கு இதெல்லாம் தண்ணி பட்ட பாடு.

"என்ன தொந்தரவு சார்?"

"ஒரு மாசமா தினம் காலைல பத்து மணி வாக்குல பேட்டரி நாற்பது சதவீதத்துல வந்து நின்னுடும். அதுக்கு மேல ஏறாது. வெளியில வெயில் மண்டையைப் பிளக்கும், இது கல்லு மாதிரி நிக்கும்."

"அப்புறம் யார் சரி பண்ணுவாங்க?"

மாஸ்டர் தொண்டையைச் செருமினார். "என் பொண்ணு. இதை வாங்கி ஆள் அனுப்பி மாட்டினவ அவதான். நான் கேக்கலை. பாஸ்வேர்டு அவகிட்டதான் இருக்கு. நான் போன் பண்ணுவேன். அவ அங்க இருந்தே செல்போன்ல ஏதோ தட்டுவா, ஏற ஆரம்பிச்சுடும்."

"வெளியூர்ல இருக்காங்களா?"

"எங்கேயோ இருக்கா. மூணு வருஷமா எங்களுக்குள்ள பேச்சே இல்லாம இருந்தது. அவ கல்யாணத்துல நான் ஒரு வார்த்தை விட்டேன், அவ நாலு வார்த்தை விட்டா. இந்தப் பெட்டி மக்கர் பண்ணினதாலதான் போன் பண்ண வேண்டியதாப் போச்சு. இல்லைன்னா நான் ஏன் பண்ணப் போறேன்?"

மெக்கானிக், பழுது பார்க்கக் கம்பெனி கொடுத்திருந்த ரகசிய எண்ணைப் பெட்டியில் போட்டு, பெட்டிக்குள் இருந்த பழைய பதிவுகளைத் திறந்தார். நாலு வரி படிப்பதற்குள் விஷயம் புரிந்துவிட்டது. பெட்டியில் ஒரு கோளாறும் இல்லை. தினமும் பத்து மணிக்கு யாரோ வெளியிலிருந்து சார்ஜின் உச்ச வரம்பை நாற்பதாகக் குறைத்திருக்கிறார்கள். கொஞ்ச நேரம் கழித்து அதே ஆள் திரும்ப நூறாக்கியிருக்கிறார். வெளியிலிருந்து மாற்றுவதற்கான பாஸ்வேர்டு மகளிடம் மட்டும்தான் இருக்கிறது.

முதல் வாரம், குறைத்ததற்கும் கூட்டியதற்கும் இடையில் ஐந்து நிமிஷம். அடுத்த வாரம் பதினைந்து. அப்புறம் நாற்பது நிமிஷம். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒன்றரை மணி நேரம். பேட்டரியைப் பற்றி ஒன்றரை மணி நேரம் பேச இந்த உலகத்தில் ஒன்றுமே இல்லை என்பது மெக்கானிக்குக்கு நன்றாகத் தெரியும்.

கடைசி மூன்று நாள் வரம்பைக் குறைத்த பதிவே இல்லை. அந்தப் பெண்ணுக்கே இந்த விளையாட்டு போதும் என்று தோன்றியிருக்கும் என நினைத்துக்கொண்டார்.

"என்ன தம்பி, கோளாறு என்னன்னு தெரிஞ்சுதா?"

மெக்கானிக் யோசித்தார். உண்மையைச் சொன்னால் என்ன ஆகும்? பெற்ற மகளே தன்னை ஏமாற்றினாள் என்று இந்த மனிதர் பெட்டியையே கழற்றி வீசச் சொல்வார். மூன்று வருஷம் கழித்துத் துளிர்த்த பேச்சு அத்தோடு கருகிவிடும். அந்தப் பாவம் தனக்கு வேண்டாம்.

"ஒண்ணுமில்லை சார். ஒரு வயர் லூஸா இருந்தது" என்று மனதறிந்து பொய் சொன்னார். "இனிமே தொந்தரவு வராது. மூணு நாளா நூறு வரைக்கும் ஒழுங்கா ஏறியிருக்கு. நீங்க நிம்மதியா இருங்க."

மாஸ்டர் சிரிக்கவில்லை. நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தார்.

"முப்பது வருஷம் பக்கத்து சீட்ல உக்காந்து, என் காலுக்குக் கீழே ஒரு பிரேக் வெச்சுக்கிட்டு வண்டி கத்துக் கொடுத்தவன் நான். வண்டி தானா நிக்குதா, இன்னொரு ஆள் பிரேக்கை மிதிக்கிறானான்னு எனக்குத் தெரியாதா? ரெண்டாவது நாளே தெரியும், இது அவ வேலைன்னு."

மெக்கானிக் ஸ்குரூ டிரைவரைக் கீழே வைத்தார். "தெரிஞ்சுமா தினம் போன் பண்ணினீங்க? அப்போ என்னை எதுக்கு சார் கூப்பிட்டீங்க?"

"மூணு நாளா நூறு ஏறுதே, அதுக்குத்தான் கூப்பிட்டேன்." மாஸ்டர் மேஜை மேலிருந்த செல்போனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "அவளுக்கு உடம்புக்கு என்னவோ ஏதோன்னு மனசு அடிச்சுக்குது. சும்மா போன் பண்ணினா என்ன விஷயம்னு கேப்பா. இன்னைக்கு நீங்களே அதை நாற்பதுல நிறுத்திட்டுப் போங்க தம்பி."