பல்லவி முடிந்ததும்

இப்போதெல்லாம் ஒரே பாட்டு ஒவ்வொருவர் காதிலும் வேறு சொற்களோடு ஒலிக்கிறது. கேட்பவரின் மனநிலைக்கு ஏற்ப அதுவே தன் சொற்களை மாற்றிக்கொள்கிறது. எனக்கு அது பழகிவிட்டது.

ஆறு வருடம் கழித்து மிருதுளா அக்கா கனடாவிலிருந்து வந்தாள். வெங்காயம் உரித்துக்கொண்டே, "ரெனிட்டா பாட்டு பாடலாமாடி?" என்றாள். பள்ளி நாட்களில் எங்கள் இருவருக்கும் உயிராக இருந்த பாடகி.

முதல் வரியிலேயே முட்டிக்கொண்டோம். நான் மழை என்றேன். அவள் வெயில் என்றாள்.

"வெயிலா? அங்க பனியில உன் மூளை உறைஞ்சுபோச்சுக்கா."

"போடி. நான் தினமும் கேக்குறேன்."

"நானுந்தான்."

அவள் முகம் வாடியது. "அப்போ நம்ம பாட்டு நம்மகிட்டயே இல்லையாடி?"

பள்ளி நாட்களில் ஒருமுறை ரெனிட்டாவின் மேடை நிகழ்ச்சியை அப்பா தன் போனில் பதிவு செய்து தந்தார். இந்தப் பாட்டின் பல்லவி முடிந்ததும் அவர் இரண்டு முறை இருமியது அதில் விழுந்திருந்தது. நாங்கள் அதையும் சேர்த்தே பாடுவோம். இப்போது அந்தப் போனும் இல்லை, அப்பாவும் இல்லை.

"இன்னொரு தடவை பாடுக்கா," என்றேன்.

அவள் வெயிலைப் பாடினாள், நான் மழையைப் பாடினேன். பல்லவி முடிந்தது. இருவரும் ஒரே நேரத்தில் இரண்டு முறை இருமினோம்.