ஆர்லீன் சொன்ன விலாசம்

பென்சில்வேனியாவின் அந்த மலையூரில் தீப்பிடித்தாலும் யாராவது மயங்கி விழுந்தாலும் தீயணைப்பு வண்டியோடு போகிறவர்கள் எல்லோரும் சம்பளமில்லாத தொண்டர்கள். அன்று மதியம் நிலையத்தில் போனை எடுத்தவன் தச்சன் மெர்ல்.

"லாய்ட் விழுந்துட்டார், மூச்சு வரல! பச்சைக் கொட்டகைக்கு அடுத்த வீடு!" என்று ஆர்லீன் அழுதாள்.

மெர்லும் இன்னும் இருவரும் பறந்தார்கள். கதவைத் திறந்த ஆர்லீனின் கையெல்லாம் மாவு.

"நீங்கதானே போன்ல அழுதீங்க?"

"நான் யாரையும் கூப்பிடலையேப்பா."

மேசையில் அவள் கணவர் லாய்ட் ஆப்பிள் கேக் தின்றுகொண்டிருந்தார். "வாசனை புடிச்சே வந்துட்டீங்களாடா? உக்காருங்க!" என்று சிரித்தார்.

மெர்ல் உட்காருவதற்குள் லாய்ட் நாற்காலியிலிருந்து சரிந்தார்.

மெர்ல் அவர் மார்பை அழுத்தத் தொடங்கினான். பின்னால் ஆர்லீன் போனில் அழுதுகொண்டிருந்தாள். நிலையத்தில் அவன் கேட்ட அதே சொற்கள், அதே குரல்.

"நாங்கதான் வந்துட்டோமே! போனை வைங்க!"

"இரு மெர்ல், சொல்லி முடிச்சிடறேன். சொல்லலேன்னா நீங்க எப்படி வந்திருப்பீங்க?"

விலாசத்தை முழுதாகச் சொல்லிவிட்டுத்தான் வைத்தாள். பிறகு தரையில் உட்கார்ந்து, இருமிக்கொண்டே மூச்சுவிடத் தொடங்கிய கணவரின் தலையை மாவுக் கையோடு மடியில் எடுத்துக்கொண்டாள்.