கிட்னி டாக்டர் தேவை

"இந்தத் தடவையும் முடியாதுன்னு சொல்லிடாதீங்க, டாக்டர். துறைத் தலைவர் நாற்காலி. வந்து உக்காந்தா போதும்."

மருத்துவக் கல்லூரி டீன் கேட்பதும், டாக்டர் மழுப்புவதும் கொஞ்ச நாளாகவே நடந்துவந்தது. கல்லூரியின் சிறுநீரகத் துறையில் பேராசிரியர் இல்லை. விளம்பரம் கொடுத்துப் பார்த்தார்கள். ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. ஆய்வுக் குழு வருவதற்குள் ஆளைப் பிடிக்காவிட்டால் மேற்படிப்பு இடங்கள் பறிபோகும், அப்படியே டீன் பதவியும் ஆட்டம் காணும் என்று நிர்வாகத்தில் ஜாடையாகச் சொல்லிவிட்டார்கள்.

டாக்டருக்கு நாற்பது வயது இருக்கும். டயர் கடை மாடியை வாடகைக்கு எடுத்துச் சின்னதாக ஒரு டயாலிசிஸ் மையம் நடத்திவந்தார். கீழே சக்கரம் கழற்றும் சத்தம் ஓயாது. ஆனாலும் ஊரில் கிட்னி என்று பேச்செடுத்தால் இவரைத்தான் கை காட்டுவார்கள்.

"உக்காந்தா போதும்னா, பாடம் யார் சார் எடுக்கறது?" நின்றபடியே கேட்டார் டாக்டர்.

"அதெல்லாம் தன்னால நடக்கும். பசங்க தங்கமானவங்க. கேள்வியே கேக்க மாட்டாங்க."

"ஆராய்ச்சி?"

"வருஷா வருஷம் கட்டுரை வரணும். நீங்க எழுத வேண்டாம். அதுக்குன்னு ஒரு ஆள் வெச்சிருக்கோம். பேரை மட்டும் குடுங்க."

"எதைப் பத்தி எழுதுவார்?"

"அது அவரைக் கேட்டாத்தான் தெரியும்."

டாக்டர் பக்கத்து அறை நோயாளிகளைப் பார்க்கப் போனார். டீன் அவசரப்படவில்லை. அவருக்கு நேரம் நிறைய இருந்தது. நர்ஸ் அரை டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். அவ்வளவு பெரிய மனிதருக்கு அரை டம்ளர்தான். அவரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாமல் துளித் துளியாகக் குடித்தார்.

டாக்டர் திரும்பி வந்தார். "இப்ப அந்தத் துறையை யார் சார் பாத்துக்கறாங்க?"

டீன் கொஞ்சம் தயங்கினார். "தோல் டாக்டர்."

"தோல் டாக்டரா?"

"தற்காலிகமாத்தான். நல்ல மனுஷன். நேரத்துக்கு வந்துடுவார்."

"கிட்னி கெட்டுப்போய் யாராவது வந்தா என்ன பண்ணுவார்?"

"ஆறுதலா நாலு வார்த்தை பேசி, வேற ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவெச்சுடுவார்."

"மெஷின்லாம் இருக்கா?"

டீனின் குரல் உயர்ந்தது. "பன்னெண்டு மெஷின். அத்தனையும் வெளிநாட்டுச் சரக்கு. வந்தப்ப சுத்தியிருந்த பிளாஸ்டிக் உறையக்கூட இன்னும் பிரிக்கல. அவ்வளவு பத்திரமா வெச்சிருக்கோம்."

"தண்ணி சுத்திகரிக்கற பிளான்ட்? அது இல்லாம டயாலிசிஸ் பண்ண முடியாதே."

"இருக்கு. எங்க விளம்பரப் புத்தகத்துக்கு அட்டைப்படமே அதுதான்."

"ஓடுதா?"

"போட்டோல நல்லா வந்திருக்கு."

டாக்டர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். டீன் முந்திக்கொண்டார். "வீடு தரோம், கார் தரோம். உங்க வீட்டுக்காரருக்கும் நம்ம கல்லூரியிலயே ஒரு வேலை பாத்துக் குடுத்துடலாம்."

"அவர் கட்டட என்ஜினியர் சார்."

"அதனால என்ன? எலும்புத் துறையில சொருகிடலாம்."

டாக்டர் ஜன்னல் பக்கம் போய் நின்றார். படிப்பு முடித்த புதிதில் மாணவர்களைக் கூட்டிக்கொண்டு கட்டில் கட்டிலாக நடந்து பாடம் சொன்னவர் அவர். அந்தச் சுகத்தை விட்டு வந்ததில் உள்ளூர ஒரு குறை இருந்துகொண்டேதான் இருந்தது. டீன் பக்கம் திரும்பினார்.

"சார், எனக்கும் சொல்லிக்குடுக்கணும்னு ஆசைதான். தனி ஆளா இதை இழுத்து இழுத்து முதுகு ஒடிஞ்சுபோச்சு. ஒரு மெஷின் மக்கர் பண்ணா எனக்குச் சோறு இறங்கறதில்ல. வீட்டுலயும் பேசிட்டேன். வரேன்."

டீனுக்குக் காதை நம்ப முடியவில்லை. "நிஜமாவா?"

"நிஜமாத்தான். ஆனா அந்த உறையெல்லாம் பிரிச்சு, தண்ணிய சரிபண்ணி, ஆளுங்களைப் பழக்கி எடுக்கறதுக்குள்ள ஒரு வருஷம் ஓடிடும். அதுவரைக்கும் முன்னப்பின்னதான் இருக்கும். பரவாயில்லையா?"

"தாராளமா. மத்ததெல்லாம் மெதுவா ஆகட்டும்." ஆய்வுக் குழுவினரிடம் இவரை அறிமுகப்படுத்தும் காட்சி டீனின் கண்முன் வந்துவிட்டது. சம்பந்தம் பேசி முடித்த மாமனார் மாதிரி முகமெல்லாம் பூரிப்பு.

"அப்ப இந்த மாசத்தோட இதை மூடிடறேன் சார். இங்க வர்றவங்க எல்லாரையும் உங்க ஆஸ்பத்திரிக்கே மாத்திடறேன்."

பூரிப்பு பாதியிலேயே நின்றது. "எல்லாரையுமா?"

"ஒருத்தர் விடாம." டாக்டர் அவரை நேராகப் பார்த்துச் சொன்னார்.

"இது பாட்டுக்கு இது ஓடட்டுமே, டாக்டர்."

"ரெண்டு இடத்துல நான் எப்படி சார் இருக்க முடியும்?"

டீன் தொண்டையைச் செருமிக்கொண்டார். கூரையைப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "நான் கேட்டதையே மறந்துடுங்க, டாக்டர். அந்த நாற்காலி காலியாவே இருக்கட்டும்," என்றார்.

"என்ன சார் இப்படிச் சொல்றீங்க? ஆள் கிடைக்கலன்னா உங்க வேலைக்கே ஆபத்துன்னீங்களே?"

"வேலைதானே போகும், டாக்டர்? உயிர் போகாதே," என்ற டீன், தன் இடது கையிலிருந்து ரத்தத்தை இழுத்துச் சுத்தம் செய்து திருப்பி அனுப்பிக்கொண்டிருந்த அந்தப் பழைய மெஷினை, கட்டிலில் படுத்தபடியே வலது கையால் மெல்லத் தடவிக்கொடுத்தார்.