முன் வரிசைக் குறட்டை

"தங்கச்சி, இந்த வருஷமாவது உன் மாமியாரைப் பின்னாடி உட்கார வை. உனக்குப் புண்ணியமாப் போகும்."

வாசலிலேயே வழிமறித்துவிட்டார் முன்னாள் ராணுவத்தினர் சங்கச் செயலாளர். போரில் இறந்த வீரர்களுக்கு வருஷா வருஷம் நடக்கும் நினைவுக் கூட்டம். காலையிலிருந்து நாற்காலி போதவில்லை, மைக் கீச்சிடுகிறது, பூ வாங்கப் போனவர் போனை எடுக்கவில்லை. இதில் இந்தத் தலைவலி வேறு.

"பின்னாடின்னா வர மாட்டேங்கிறாங்க அண்ணா" என்றாள் இறந்த வீரன் ஒருவனின் மனைவி.

"முன்னாடி உட்கார்ந்து என்ன பண்றாங்க? தூங்குறாங்க. சும்மா தூங்கினாலும் பரவாயில்ல. போன வருஷம் மௌன அஞ்சலியில விட்ட குறட்டை இன்னும் என் காதை விட்டுப் போகல. பத்திரிகைக்காரன் வேலைமெனக்கெட்டு அவங்களைத்தான் படம் பிடிச்சான்."

"காபி கொடுத்துத்தான் கூட்டிட்டு வந்திருக்கேன்."

"போன வருஷமும் இதையேதான் சொன்னே."

அவள் திரும்பிப் பார்த்தாள். மாமியார் பின்னால் மெதுவாக வந்துகொண்டிருந்தார்.

செயலாளர் குரலைத் தணித்துக்கொண்டார். "தப்பா நினைக்காதேம்மா. உன் புருஷனும் நானும் ஒரே கூடாரத்துல கிடந்தவங்க. அவன் உடம்பு இருந்த பெட்டியை இந்தத் தோள்லதான் சுமந்து வந்து உங்க வீட்டுல இறக்கினேன். பெத்தவளுக்கே அக்கறை இல்ல, நமக்கென்ன வந்ததுன்னு நாலு பேர் என் காதுபடப் பேசும்போது எனக்கு வயிறு எரியுது. ஒரே ஒருநாள் கண்ணை முழிச்சுக்கிட்டு உட்கார முடியாதா? முடியாதுன்னா அடுத்த வருஷத்திலிருந்து கூட்டிட்டு வராதே. வீட்டிலேயே நல்லாத் தூங்கட்டும்."

"ஐயோ, அப்படி மட்டும் சொல்லாதீங்க அண்ணா."

அவள் மேலே ஏதோ சொல்ல வந்தாள். அதற்குள் சிறப்பு விருந்தினரின் கார் வந்துவிட்டது. செயலாளர் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு ஓடினார்.

திரும்பி வந்து பார்த்தால், அந்த அம்மா மேடைக்கு நேர் எதிரே, விருந்தினரின் மனைவிக்காகத் துண்டு போட்டு வைத்திருந்த நாற்காலியில் சௌகரியமாக உட்கார்ந்திருந்தார். துண்டு மடித்து அவர் மடியில் இருந்தது. செயலாளர் பல்லைக் கடித்துக்கொண்டு பக்கத்தில் இன்னொரு நாற்காலி போடச் சொன்னார்.

கூட்டம் ஆரம்பித்தது. இறந்தவர்களின் பெயர்களை எப்போதும் செயலாளர்தான் படிப்பார். பெயரைச் சொல்லி, எந்தப் போர்முனையில் இறந்தார் என்று சொல்லி, இன்று நம்மோடு இல்லை என்று முடிப்பார். படித்துக்கொண்டே ஒரு கண்ணை முன் வரிசையில் வைத்திருந்தார்.

அந்த அம்மா நன்றாகத்தான் விழித்திருந்தார். செயலாளரின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். பரவாயில்லையே, காபி வேலை செய்கிறது என்று செயலாளருக்குக் கொஞ்சம் தெம்புகூட வந்தது.

நண்பனின் பெயர் வந்ததும் வழக்கம்போல் காகிதத்தை முகத்துக்கு நேராகத் தூக்கிக்கொண்டார். படித்து முடித்து நிமிர்ந்தார். அந்த அம்மாவின் தலை மருமகளின் தோளில் சாய்ந்திருந்தது.

"அனைவரும் எழுந்து நின்று மௌன அஞ்சலி செலுத்துவோம்."

அரங்கமே எழுந்தது, அந்த இரண்டு பேரைத் தவிர. குறட்டை முதலில் மெல்லிசாகத்தான் வந்தது. பிறகு கூச்சநாச்சம் இல்லாமல் ஏறியது. பின் வரிசையில் ஒருவர் சிரிப்பை மறைக்க இருமினார். பெரிய அதிகாரியான சிறப்பு விருந்தினர் ஒரு கண்ணைத் திறந்து முன் வரிசையைப் பார்த்தார், அப்புறம் செயலாளரைப் பார்த்தார்.

செயலாளரின் மானம் கப்பலேறியது.

மௌனம் முடிந்ததும் விருந்தினரிடம் மைக்கைக் கொடுத்துவிட்டு விறுவிறுவென்று கீழே இறங்கினார். இன்றைக்கு இதற்கு ஒரு முடிவு கட்டாமல் விடுவதில்லை.

"அம்மா, எழுந்திருங்க. பெத்த பிள்ளைக்கு நடக்கிற கூட்டத்துல..."

தோளைத் தொடப் போன கையை மருமகள் பிடித்துக்கொண்டாள்.

"எழுப்பாதீங்க அண்ணா. உங்களைக் கும்பிட்டுக் கேக்கிறேன்."

"தூக்கம் வந்தா வீட்டுல தூங்க வேண்டியதுதானே?"

"வீட்டுல எங்க தூங்குறாங்க?" அவள் இன்னும் அவர் கையை விடவில்லை. "பெட்டியைத் திறக்கக் கூடாதுன்னு அன்னைக்கு நீங்க எல்லாரும் சொல்லிட்டீங்க. முகத்தைப் பார்க்காம எப்படி நம்புறதுங்கிறாங்க. அவர் லீவுல வர்றப்போ சொல்லாமக் கொள்ளாம ராத்திரியில வந்து நிப்பாரில்ல? இப்பவும் வந்து தட்டினா யார் திறக்கிறதுன்னு விடிய விடியக் கதவுகிட்டயே உட்கார்ந்திருக்காங்க. டாக்டர் கொடுத்த மாத்திரையைத் துப்பிடறாங்க. நான் சொல்லிப் பார்த்துட்டேன், சொந்தக்காரங்க சொல்லிப் பார்த்துட்டாங்க. எங்க யார் பேச்சும் எடுபடல."

செயலாளர் கையை இழுத்துக்கொண்டார். மேடையில் விருந்தினர் தொண்டையைச் செருமிப் பேச ஆரம்பித்தார். அந்த அம்மா அசையவே இல்லை.

"இத்தனை பேர் முன்னாடி அந்தத் தம்பி பொய் சொல்ல மாட்டான்னு உங்களை மட்டும்தான் நம்புறாங்க" என்றாள் மருமகள். "சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் மறுபடி சந்தேகம் வந்துடும். ஆனா இப்போ நீங்க மைக்ல அவர் பேரைச் சொல்லி, நம்மோட இல்லைன்னு சொன்னீங்களே, அப்பத்தான் அண்ணா, 'இனி கதவைத் திறக்க வேண்டியதில்ல'ன்னு சொல்லிட்டுக் கண்ணை மூடினாங்க."